விதைவீட்டில் படுத்த பாஞ்சாலை

பாஞ்சாலை புதூர்நாட்டுப் பக்கத்துப் பெண். அவளுடைய அப்பாவுக்கு ஐந்தும் பெண், இவள் நாலாவது. மூத்தவளைக் கட்டிக்கொண்ட வீட்டாருக்கும் கல்லடிக்கொல்லைக்கும் பெண் கொடுத்து எடுத்த உறவு உண்டு. அந்த வழியாகத்தான் செல்லியம்மாள் தன் மகன் தீர்த்தகிரிக்கு இவளைக் கேட்டு வந்தாள். பரியம் பேச வந்தவள் பெண்ணின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. அருகில் கூப்பிட்டு, "எங்க, மூச்ச நல்லா இழுத்து வுடு பாக்கலாம்" என்றாள். சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல இருக்கிறதே என்று பாஞ்சாலையின் அக்காமார் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தார்கள். செல்லியம்மாள் சிரிக்கவில்லை. அவள் மருமகளை மட்டும் தேடி வரவில்லை. விதைவீட்டுக்கு ஆள் தேடி வந்திருந்தாள்.

ஜவ்வாது மலையில் ஊருக்கு ஒரு விதமாக விதை வைப்பார்கள். கல்லடிக்கொல்லையில் தீர்த்தகிரியின் வீட்டுக்கு மட்டும் ஒரு தனி வழக்கம். அந்த வீட்டுக்குப் பின்சுவர் கிடையாது. யானை படுத்த மாதிரி ஒரு கரும்பாறை கிடக்கிறது. அதன்மேல் சாய்த்து முன்னோர்கள் மூன்று பக்கம் மண்சுவர் எழுப்பியிருந்தார்கள். பாறையை ஒட்டிய உள்ளறைக்குப் பெயர் விதைவீடு. அதற்கு ஜன்னல் இல்லை, ஏனென்றால் விதை வெளிச்சம் பார்க்கக் கூடாது. குனிந்து நுழைகிற உயரத்தில் ஒரே ஒரு கதவு. தை பிறந்ததும் பங்காளிகள் நாலு வீட்டுச் சாமையும் கேழ்வரகும் பொறுக்கி எடுத்து அந்த அறைக்குள் பானையில் ஏற்றுவார்கள். அன்றிலிருந்து ஆனியில் விதைக்க எடுக்கிற வரைக்கும் அந்த வீட்டு மூத்த மருமகள் அங்கேதான் படுக்க வேண்டும், கதவைச் சாத்திக்கொண்டு. பால்குடிப் பிள்ளை இருந்தால் பிள்ளையோடு.

பாறையும் தரையும் சேருகிற இடத்தில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு வெடிப்பு. வெயில் காலத்தில் அதிலிருந்து சில்லென்று காற்று வரும். விதைத்தாய் மூச்சு விடுகிறாள் என்பார்கள். வீடு முழுக்கச் சாணி போட்டு மெழுகினாலும் அந்த வெடிப்பை மட்டும் மெழுகி அடைக்கக் கூடாது. விதை காக்கிறவள் அந்தப் பக்கம்தான் தலை வைத்துப் படுப்பாள். தாயின் மூச்சை அவள் வாங்கிக்கொள்வாள். அவள் மூச்சைத் தாய் எடுத்து விதைக்குக் கொடுப்பாள். அந்த வீட்டு விதை பொக்கு போகாமல் முளைக்கிறது என்று சுற்றுப்பட்டு எட்டு ஊரிலும் பேச்சு.

செல்லியம்மாளின் மாமியார் இருமி இருமித்தான் போனாள். செல்லியம்மாளும் அறுபதைத் தொடுவதற்குள் அப்படியே போனாள். அடுப்புப் புகை என்றார்கள் சிலர், காசம் என்றார்கள் சிலர். வீட்டுக்குள் மட்டும் வேறு பேச்சு. தாய் கேட்டாள், கொடுத்துவிட்டாள் என்பதுதான் அது. அந்த இருமலுக்கு ஒரு மரியாதைகூட உண்டு. செல்லியம்மாள் உள்ளே இருந்து இருமினால் பந்தியில் உட்கார்ந்திருக்கும் ஆண்கள் பேச்சை நிறுத்திவிட்டு இலையைப் பார்ப்பார்கள்.

படுக்கையில் விழுவதற்கு முன் செல்லியம்மாள் ஒரு முறத்தில் சாமையைக் கொண்டுவரச் சொன்னாள். ஒரு கை அள்ளி மருமகளின் மடியில் போட்டாள். அதற்குத்தான் கை மாற்றுவது என்று பெயர். இருக்கிறவள் உயிரோடு தன் கையால் எடுத்துப் போட்டால்தான் அடுத்தவள் விதைவீட்டுக்காரி. வேறு யார் போட்டாலும் செல்லாது. அப்போது பாஞ்சாலைக்கு இருபத்திரண்டு வயது.

அவளுக்கு அந்த அறை பிடித்துத்தான் இருந்தது. நாலு அக்கா தங்கைகளோடு ஒரே பாயில் புரண்டவளுக்கு, சாத்திக்கொள்ள ஒரு கதவு கிடைத்தது அங்கேதான். மாமனார்கூட அந்தக் கதவைத் தட்டமாட்டார். தீர்த்தகிரிதான் முனகுவார். ஆறு மாசம் பொண்டாட்டிக்காரன், ஆறு மாசம் சாமியார் என்று தன்னைத் தானே கேலி செய்துகொள்வார். பீடி, சுருட்டு எதுவும் தொடாத மனிதர். சாராயமும் திருவிழாவோடு சரி. பாஞ்சாலை வாயாடி. ஊரில் யார் யாருக்கு என்ன முறை என்று அவளைக் கேட்டால் மூன்று தலைமுறைக்கு ஒரே மூச்சில் சொல்வாள். விதையைப் பல்லில் கடித்தே ஈரம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவாள். ஒரே பிள்ளை அஜய். ஏழு வயது வரைக்கும் அவள் பக்கத்தில்தான் அந்த அறையில் படுத்தான்.

இருபது வருடத்துக்கு முன் தொகுப்பு வீடு வந்தபோது கூரையைப் பிரித்துவிட்டுத் தளம் போட்டார்கள். சுவரை ஏற்றிச் சிமெண்டு பூசினார்கள். கூரை இருந்த வரைக்கும் சந்து பொந்தில் ஏதோ காற்று வந்து போய்க்கொண்டிருந்தது. தளம் போட்ட பிறகு விதைவீடு மூடி போட்ட பானை மாதிரி ஆனது. இனிமேல் எலி வராது என்று பாஞ்சாலைக்கு அதில் சந்தோஷம்.

அப்புறம் எட்டு வருடத்துக்கு முன், ஒரு மாசி மாதத்தில், சிவசங்கரி என்று ஒரு பெண் மலைக்கு வந்தாள். கீழே ஏதோ கல்லூரியில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறவள். பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று மைல் நடந்து, முகம் சிவந்து, வாசலில் வந்து நின்றாள். பாஞ்சாலை அவளுக்கு மோர் கொடுத்து, சாமைச் சோறு போட்டு, நீ யார் வூட்டுப் பெண், உன் அம்மா எந்த ஊர், தாய்மாமன் இருக்கிறாரா என்று எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகுதான் வந்த காரியத்தைக் கேட்டாள். பையிலிருந்து சிவசங்கரி ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தாள். வாய் திறந்த டப்பா. அடியில் நகம் அளவு ஒரு துண்டுப் படச்சுருள் ஒட்டியிருந்தது.

"பாறைக்குள்ள இருந்தும் மண்ணுக்குள்ள இருந்தும் ஒரு காத்து வரும்க்கா. ரேடான்னு பேரு. கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் கெடையாது. வெளிய வந்தா கலைஞ்சி போய்டும். அடைச்ச ரூம்ல தேங்கிச்சின்னா, வருசக்கணக்குல மூச்சு வாங்கறவங்களுக்கு நுரையீரல்ல புத்துநோய்கூட வரலாம். நீங்க எங்க படுக்கிறீங்களோ அங்க இத மாட்டணும். மூணு மாசம் அப்படியே இருக்கட்டும்."

பாறைக்குள்ளிருந்து மூச்சு வருவது இந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்று பாஞ்சாலை நினைத்தாள். சரி பாப்பா, மாட்டிவிடுகிறேன் என்று வாங்கிக்கொண்டாள். எந்த இடம் என்று பார்க்கட்டுமா என்று சிவசங்கரி எழுந்தபோது, வெளியாள் உள்ளே போகக் கூடாது, நானே மாட்டுகிறேன் என்று உட்காரவைத்துவிட்டாள்.

வெளியாள் போகக் கூடாது என்றால் வெளியாளின் சாமானும் போகக் கூடாது. தாயின் மூச்சைப் பிடித்துப் பார்க்க வந்த சாமான் போகவே கூடாது. சிவசங்கரி ஒற்றையடிப் பாதையில் இறங்கி மறைந்ததும், பாஞ்சாலை அந்த டப்பாவைக் கொண்டுபோய் மாட்டுக் கொட்டாயில், காற்றாடுகிற பக்கத்துக் கழியில் கட்டினாள். தூக்கி எறிய மனம் வரவில்லை. வெயிலில் நடந்து வந்த பெண். தீர்த்தகிரி அப்போது புளி உலுக்கப் போயிருந்தார். கொட்டாய் அவர் போகிற இடமும் இல்லை, மாடு அவள் பாடு. மூன்று மாதம் கழித்து வைகாசியில் சிவசங்கரி வந்து கேட்டபோது, படுக்கிற இடத்தில்தான் இருந்தது என்று சொல்லி, தூசியைத் துடைத்துக் கையில் கொடுத்தாள்.

பிறகு ஒரு கடிதம் வந்தது. வீட்டுக்காரர் தீர்த்தகிரி அவர்களுக்கு என்று அச்சில் அடித்து, நூறு வரைக்கும் கவலை இல்லை, உங்கள் வீட்டில் நாற்பத்தொன்றுதான் என்று இருந்தது. தீர்த்தகிரிக்குத் தன் பெயரை அச்சில் பார்த்த பெருமை தாங்கவில்லை. ஜமுனாமரத்தூருக்குப் போய் அதை லேமினேஷன் செய்து, பட்டாவோடும் ரேஷன் அட்டையோடும் சேர்த்துப் பெட்டியில் வைத்தார். எங்கள் வீட்டுக் காற்றுக்கு கவர்மெண்டு சர்டிபிகேட் இருக்கிறது என்று பிற்பாடு சம்பந்தி வீட்டில்கூடச் சொன்னார். டப்பா கொட்டாயில் இருந்ததைப் பாஞ்சாலை சொல்லவில்லை. சொல்வதற்கு அதில் ஒன்றும் இருப்பதாகவும் அவளுக்குத் தோன்றவில்லை.

போன வருடம் ஆடியில் அவளுக்கு இருமல் பிடித்தது. வரவேண்டியது வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டாள். மாமியார் இருமியதுபோலவே கையை மார்பில் வைத்து இருமினாள். அஜய் விடவில்லை. அவன் ஜமுனாமரத்தூரில் ஜீப் ஓட்டுகிறவன். ஆஸ்பத்திரிக்கு நாலு பேரை ஏற்றி இறக்கிப் பழகியவன். சளி எடுத்துப் பார்த்தார்கள், காசம் இல்லை என்றார்கள். மருந்து கொடுத்தார்கள், கேட்கவில்லை. சளியில் ரத்தம் வந்த அன்று வண்டியில் ஏற்றி வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்து, நுரையீரலில் புற்றுநோய், எலும்புக்கும் போய்விட்டது என்றார்கள்.

அந்த டாக்டர் வயதில் சின்னவர், பொறுமையாகக் கேட்டார். பீடி உண்டா, புகையிலை உண்டா, வீட்டுக்காரர் பிடிப்பாரா, அடுப்பு விறகா, படுக்கிற அறை எப்படி. பாஞ்சாலை எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். படுக்கிற அறையைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டாள். அஜய்தான் பாறையையும் வெடிப்பையும் சொன்னான். டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். இன்னதால்தான் வந்தது என்று ஓர் ஆளைப் பார்த்து யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, விறகுப் புகையாகவும் இருக்கலாம்; ஆனால் பீடி பிடிக்காதவர்களுக்கு இந்த நோயைக் கொண்டுவருவதில் பாறைக்குள்ளிருந்து வருகிற ரேடான் பெரிய ஆள், அந்த அறையில் இனி யாரும் படுக்காதீர்கள் என்றார். சில மாத்திரைகளைக் கொடுத்தார். வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னதிலேயே மிச்சம் எல்லாம் விளங்கிவிட்டது.

ஐப்பசியில் மலைக்குத் திரும்பினார்கள். பாஞ்சாலைக்குப் படுத்தால் மூச்சு முட்டியது. வாசலில் பந்தல் நிழலில் கயிற்றுக் கட்டில் போட்டு, முதுகுக்கு மூட்டை வைத்துச் சாய்ந்தாற்போல உட்காரவைத்திருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் வீடு முழுக்கத் தெரியும். மருமகள் சசிகலா பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளும் புறமும் போவது தெரியும். சசிகலா கலசப்பாக்கத்துப் பக்கம் கீழ்நாட்டில் வளர்ந்தவள், ஆனாலும் ரத்தம் மலை ரத்தம்தான். பாஞ்சாலையின் மூன்றாவது அக்காவின் மகள்வழிப் பேத்தி. அதிர்ந்து பேசமாட்டாள். தை வந்தால் அவள்தான் விதைவீட்டுக்கு. எட்டு மாதக் குழந்தையும் அவளோடு.

தன் சாவைப் பற்றி பாஞ்சாலை அவ்வளவாக நினைக்கவில்லை. அந்தக் குழந்தை தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். டாக்டர் சொன்னது ஒரு பக்கம், மாமியார் சொன்னது ஒரு பக்கம். முப்பது வருடம் தான் கொடுத்தது தாய்க்கா, வெறும் வெடிப்புக்கா என்று தெரியாமல் சாவது பெரிய கஷ்டம்.

ஒரு நாள் காலையில் அப்பனுக்கும் மகனுக்கும் வார்த்தை முற்றியது. சசிகலாவை உள்ளே படுக்க விடமாட்டேன், கடப்பாரையால் சுவரை உடைத்து ஜன்னல் வைக்கிறேன் என்றான் அஜய். ஏழு தலைமுறையாக உடைக்காத சுவரை ஜீப் ஓட்டுகிறவன் வந்து உடைக்கிறானா என்றார் தீர்த்தகிரி. டாக்டர் சொன்னாரே என்றான் இவன். டாக்டர் நம் வீட்டைப் பார்த்தாரா என்றார் அவர். உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து அந்த லேமினேஷன் காகிதத்தை எடுத்துவந்து மகன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"படிச்ச பொண்ணு மிஷினு வச்சி அளந்து குடுத்துது. நாப்பத்தொண்ணு. நூறு வரைக்கும் பயமே இல்லன்னு எழுதிக்கீது பாரு. உங்கம்மாவுக்கு வந்தது வெறவுப் பொகை. வூட்ட இன்னாத்துக்குடா பழி சொல்ற?"

அஜய் காகிதத்தை வாங்கிப் படித்தான். எண்ணைப் பார்த்தான். தோற்றவன் மாதிரி தலையைத் தொங்கப் போட்டான். கதவோரம் நின்றிருந்த சசிகலா குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். அவ்வளவுதான்; முடிவாகிவிட்டது.

கட்டிலில் இருந்து பாஞ்சாலை கூப்பிட்டாள். குரல் வரவில்லை, கட்டில் சட்டத்தைத் தட்டினாள். மூவரும் திரும்பினார்கள்.

"அந்த டப்பாவ நான் உள்ள மாட்டல" என்றாள்.

தீர்த்தகிரிக்குப் புரியவில்லை. "எந்த டப்பா?"

"அந்தப் பொண்ணு குடுத்த டப்பா. மாட்டுக் கொட்டாய்ல கட்டியிருந்தேன். வெளியாளு சாமான் தாயாண்ட போவக்கூடாதுன்னு. அந்த நாப்பத்தொண்ணு கொட்டாயோட கணக்கு. இந்த வூட்டோடது இல்ல."

தீர்த்தகிரி மெதுவாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். காகிதம் கையிலேயே இருந்தது. கோழி ஒன்று வந்து அவர் காலடியில் கிளறிவிட்டுப் போனது.

"எட்டு வருசம்மே" என்றார். "எட்டு வருசம் உன்ன உள்ள வுட்டு நாந்தான் கதவ இழுத்துச் சாத்தினு வந்தேன்."

"சாத்தலன்னா நானே சாத்தியிருப்பேன்" என்றாள் பாஞ்சாலை. அவ்வளவு பேசியதே அவளை அயர்த்திவிட்டது. இருமல் வந்தது. சசிகலா ஓடிவந்து முதுகைத் தாங்கினாள்.

காகிதத்தின் அடியில் சிவசங்கரியின் போன் நம்பர் இருந்தது. அஜய் போட்டான். அவள் இப்போது கீழே ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறவள். கல்யாணமாகி ஒரு பிள்ளையும் இருக்கிறது. கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை ஜீப்பில் வந்து இறங்கினாள். இந்தத் தடவை கொண்டுவந்தது டிபன் கேரியர் அளவு மின்சாரக் கருவி. நாலு நாளிலேயே கணக்குச் சொல்லிவிடுமாம். அதைக் குனிந்து உள்ளே எடுத்துப் போனது தீர்த்தகிரி. தாயே மன்னிச்சுக்கோ என்று அவர் வாய்க்குள் சொன்னது கட்டிலில் இருந்தவளுக்குக் கேட்டது.

சிவசங்கரி கட்டில் சட்டத்தில் வந்து உட்கார்ந்தாள். பாஞ்சாலை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு மனதில் இத்தனை நாள் இன்னொரு முள் இருந்தது.

"என்னால உன் பரிச்ச கெட்டுப்போச்சா பாப்பா? தப்புக் கணக்க எழுதவச்சிட்டேனே."

சிவசங்கரி இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள். நூறு வீட்டுக்குமேல் பார்த்ததில் ஒரு வீடு, அதனால் படிப்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்றாள். கண் நிறைந்துவிட்டது. "பேர் கேட்டீங்க, ஊர் கேட்டீங்க, சோறு போட்டீங்க. நான் உங்கள ஒண்ணுமே கேக்கலக்கா. உள்ள ஏன் போவக்கூடாதுன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்க."

"சொல்லியிருப்பேன்தான்" என்றாள் பாஞ்சாலை.

நாலு நாள் கழித்து எண் வந்தது. ஆயிரத்து நானூற்றுச் சொச்சம். நூறுக்குள் இருந்தால் நல்லது, முன்னூறைத் தாண்டவே கூடாது என்று வைத்திருக்கிறார்களாம். சிவசங்கரி போனில் தீர்த்தகிரியிடமே சொன்னாள். இரண்டு பக்கம் ஜன்னல் வைத்து வெடிப்பை அடைத்தால் பெரும்பாலும் குறைந்துவிடும், அதுவரைக்கும் விதை மட்டும் உள்ளே இருக்கட்டும், விதைக்கு ஒன்றும் ஆகாது, ஆட்கள் படுக்கக் கூடாது என்றாள். அந்தப் பழைய அம்மாக்கள் இதனால்தான் போனார்களா என்று அவர் கேட்டார். தெரியாது, இனித் தெரிந்துகொள்ளவும் முடியாது என்றாள் அவள். அஜய்யும் ஏழு வருடம் உள்ளே படுத்தானே என்று கேட்க வாயெடுத்தவர் கேட்காமல் போனை மகனிடம் கொடுத்துவிட்டார்.

விஷயம் பங்காளிகளுக்குப் போனது. நாலு வீட்டு விதை அது. தீர்த்தகிரி ஒருவர் முடிவு செய்கிற காரியம் இல்லை. பெரியப்பன் மகன் ராஜாக்கண்ணுதான் வாயுள்ளவர். மார்கழி பிறந்து ஏழாம் நாள் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் ஒரு முறம், முறத்தில் புதுச் சாமை. பாஞ்சாலைக்கு அப்போது பேச்சு மிகவும் குறைந்துவிட்டது. அவள் போவதற்குள் கை மாற்றிவிட வேண்டும் என்பது அவர்கள் அவசரம்.

மிஷின் சொல்வதெல்லாம் கீழ்நாட்டுக்காரர்களுக்கு என்றார் ராஜாக்கண்ணு. நம் அம்மா, நம் பாட்டி எல்லோரும் கொடுத்துத்தான் நாம் தின்றோம் என்றார். பிறகு தீர்த்தகிரியைப் பார்த்து எகத்தாளமாகக் கேட்டார்.

"உம் மருமவ மேல காத்து படக்கூடாது. அப்போ யாரு படுக்கறது? எம் பொண்டாட்டிய அனுப்பட்டா?"

"அனுப்புவியா?" என்றார் தீர்த்தகிரி. கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார்.

ராஜாக்கண்ணு கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து குனிந்து முறத்தைப் பாஞ்சாலையின் மடியருகே வைத்தார். குரலை இறக்கிக்கொண்டார். அவரும் அவள் கையால் எத்தனையோ பிடி தின்றவர்தான்.

"மதினி. ஒரு பிடி எடுத்து அந்தப் பொண்ணு மடியில போட்டுடு. முப்பது வருசம் காத்தவ. சும்மா வுட்டுட்டுப் போய்டாத."

சசிகலா வந்து நின்றாள். யாரும் சொல்லாமலே முந்தானையை விரித்துப் பிடித்தாள். அவளை யாரும் கேட்கவில்லை; அவளுக்கும் மறுத்துச் சொல்லத் தெரியவில்லை. இருபத்திரண்டு வயது. பாஞ்சாலை அந்த விரித்த முந்தானையைப் பார்த்தாள். அதற்குமேல் சசிகலாவின் முகத்தைப் பார்த்தாள். உதடு உலர்ந்து, கண் இமைக்காமல், ஆடு நிற்பதுபோல நின்றது பெண்.

தாய் இல்லை என்று பாஞ்சாலை நினைக்கவில்லை. இத்தனை வருடம் தலைமாட்டில் இருந்தவளை ஓர் எண்ணைக் கேட்டு இல்லை என்று சொல்ல அவளால் முடியாது. தாய்க்குத் தன்னைக் கொடுத்தது கொடுத்ததுதான். ஆனால் இன்னொருத்தியை எடுத்துக் கொடுக்கத் தன் கை வேண்டும் என்கிறார்களே, அந்தக் கை தன்னுடையது. இது மட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. போர்வைக்கு வெளியே இருந்த வலது கையை மெல்ல இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

கைக்குப் பலம் இல்லையோ என்று ராஜாக்கண்ணு தீர்த்தகிரியைப் பார்த்தார். அவள் கையை நீ பிடித்து எடுத்துப் போடு, புருஷன்தானே, செல்லும் என்றார். தீர்த்தகிரி கட்டிலருகே வந்தார். பாஞ்சாலை அவரைப் பார்த்தாள். அவர் போர்வைக்குள் கை விடவில்லை. முறத்தை எடுத்தார், சாமை ஒரு மணி சிந்தாமல். ராஜாக்கண்ணுவின் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"அவ குடுக்கல" என்றார். "எடுத்துனு போ."

ராஜாக்கண்ணு போகும்போது நிறையப் பேசினார். முளைக்காமல் போகும்போது தெரியும் என்றார். இனி உன் வீட்டில் விதை வைக்கமாட்டோம் என்றார். வாசல் தாண்டியும் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. சசிகலா முந்தானையை விட்டுவிட்டு, இனி எங்கே நிற்பது என்று தெரியாதவள்போலச் சற்று நேரம் நின்றாள். பிறகு குழந்தை அழுதது, போனாள்.

அன்றைக்குச் சாயங்காலம் பனி சீக்கிரமே இறங்கியது. கட்டிலை முன்கூடத்தின் கதவோரத்துக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். கூடத்துக்குள் சசிகலா குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டு, குளிருகிறதே என்று ஜன்னல் கதவைச் சாத்தப் போனாள்.

வெளியில் விறகு அடுக்கிக்கொண்டிருந்த தீர்த்தகிரி, "சாத்தாதம்மா, இருக்கட்டும்" என்றார்.

"கொழந்தைக்குக் குளுருது மாமா."

அவர் விறகைக் கீழே போட்டார். தோளில் போர்த்தியிருந்த கம்பளியை எடுத்து உதறி, ஜன்னல் கம்பி வழியாக உள்ளே நீட்டினார். சசிகலா வாங்கிக்கொண்டாள். வெறும் பனியனோடு அவர் வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்ததைப் பாஞ்சாலை பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தாள், உதடுதான் அசைந்தது.

"குளுந்தா குளுரட்டும் போ" என்றார் அவர், அவள் கேட்டது காதில் விழுந்த மாதிரி.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் இருந்தாள் பாஞ்சாலை. அப்படிச் சொல்லிவிட்டுப் போன பங்காளிகளே முறத்தை எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு தடவை வந்தார்கள். பத்தாம் நாள் காலையில், மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டுத் தீர்த்தகிரி வந்து பார்த்தபோது முடிந்திருந்தது. வலது கை போர்வைக்குள்ளேயே இருந்தது. யாருக்கும் எதையும் அவள் மாற்றிக் கொடுக்கவில்லை.